பெயரும் பிறப்பும்: மின்னஞ்சல் மென்பொருளின் மூலம் பற்றியதோர் ஆய்வு

ஒரு பொருளை முதற்கண் ஆக்கியவர் யார் என்னும் வினா எழுந்தால், ஒவ்வொரு நாட்டினரும் தம்மவர் ஒருவரைச் சுட்டிக்காட்டுதல் உலக வழக்கு. வானொலியைக் கண்டவர் மார்க்கோனி என்பர் இத்தாலியர். பொப்பொவ் என்பர் உருசியர். சகதீச சந்திர போசு என்பர் வங்காளர். இவ்வழக்குக்குத் தமிழரும் விலக்கல்லர். மின்னஞ்சலைக் கண்டவர் பதினான்கு வயதுத் தமிழ்ச் சிறுவர் ஒருவர் என்னும் செய்தி, 2012ஆம் ஆண்டு தொடக்கம் தமிழரிடையே பெரிதும் பரவி, மாணாக்கர் பலரால் ஐயமின்றி நம்பப்பட்டு வருகின்றது. தம்மினத்தார் பெருமையைப் பேசுதல் குற்றமாகாது. ஆயின் அப்பெருமை எத்தகைய சான்றின்மேல் எழுப்பப்பட்டுள்ளது என்பது ஆராயத்தக்கது. கல்வி நிலையங்களில் அதனை ஆராயாது விடுதல் பொருந்தாது.

அச்சிறுவர் சிவா அய்யாத்துரை. தமிழ்க் குடும்பமொன்றில் 1963இல் பம்பாயிற் பிறந்து, ஏழாம் வயதிற் பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர். 1978இல், நியூ ஜேர்சி மாநிலத்து நியுவார்க் நகரில் அமைந்த மருத்துவ, பல்மருத்துவக் கல்லூரியில், அலுவலகத்தார் தமக்குள் கடிதம் பரிமாறுதற்கு வேண்டிய மென்பொருள் ஒன்றைப் போர்ட்ரான் மொழியில் எழுதினார். உள்வரு பெட்டி, வெளிச்செல் பெட்டி, கோப்புறை, முகவரிப் புத்தகம், இணைப்பு என அலுவலக மேசையிற் காணப்படும் உறுப்புக்கள் பல அதில் இடம்பெற்றன. அதற்கு அவர் இட்ட பெயர் 'ஈமெயில்' என்பது. அக்கணினியில் நிரற்பெயர் ஐந்தெழுத்துக்கு மேற்படலாகாது என்பது அப்பெயர் சுருங்கியமைக்கு அவர் கூறுங் காரணம். 1982ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆந் திகதி அம்மென்பொருளுக்குப் பதிப்புரிமையும் பெற்றார். பதினான்கு வயதினர் ஒருவருக்கு இஃது அரிய செயலே; இதனை மறுப்பார் எவருமிலர்.

பூசல் பிறந்தது 2012ஆம் ஆண்டு பெப்ரவரியில். அவருடைய ஆவணங்களை ஸ்மித்சோனியன் நிறுவனத்து அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டபோது, 'வாஷிங்ரன் போஸ்ற்' நாளிதழ் அவரை மின்னஞ்சலைக் கண்டவராகவே எழுதிற்று. கணினி வரலாற்றறிஞரும், முற்காலத்து மின்னஞ்சற் பணியில் ஈடுபட்டோரும் உடனே மறுத்தனர். நாளிதழ் திருத்தம் வெளியிட்டது. ஆவணங்களை ஏற்றமை அவரைக் கண்டுபிடிப்பாளர் எனச் சான்றளித்ததாகாது என அருங்காட்சியகமும் விளக்கம் கூறிற்று. மொழியியலறிஞர் நோம் சோம்ஸ்கி அவர் பக்கம் நின்றார். மறுத்தோருட் சிலர் ஏளனங் கலந்து எழுதினர். அவரோ, தம் நிறம் பற்றிய இகழ்ச்சியே மறுப்புக்குக் காரணம் என்றார். இங்ஙனம் வழக்கு வசையாக மாறிய நிலையில், ஆராயப்படவேண்டிய பொருள் ஒருபுறம் ஒதுங்கிவிட்டது.

பெயரைப் பற்றிய வாதத்தை நெடிது ஆராய வேண்டுவதில்லை. ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி இச்சொல்லுக்குக் காட்டும் முதல் ஆட்சி 1979ஆம் ஆண்டு யூன் மாதத்துச் சஞ்சிகை ஒன்றின் தலைப்பாகும். அச்சிறுவர் அதற்கு முன்னரே தம் நிரலுக்கு அப்பெயரை இட்டிருத்தல் கூடும். அதனாலும் வழக்குத் தீர்வதில்லை. பதிப்புரிமை என்பது எழுதப்பட்ட வரிகளைக் காப்பது. அவ்வரிகளிற் பொதிந்த கருத்தையோ, நூலின் தலைப்பையோ காப்பதன்று. ஆக்கவுரிமை வழங்குவோர் முன்னாக்கம் உண்டோ எனத் தேடுவர்; பதிப்புரிமையைப் பதிவோர் அங்ஙனந் தேடுவதில்லை. 'இராமாயணம்' எனத் தலைப்பிட்டு ஒருவர் தாமே ஒரு நூல் எழுதிப் பதிவு செய்தல் கூடும். அதனால் இராமகதை அவரிற் பிறந்ததென்பார் யார்?

ஆகவே வினாவை வேறு வகையிற் கேட்டல் வேண்டும். இன்று உலகெங்கும் வழங்கும் மின்னஞ்சல் எந்த நிரல்களின் வழியில் வந்தது? இதற்கு விடை காணும் முறை தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர், எச்சுவடி எதனைப் பார்த்து எழுதப்பட்டது என்பதனை நல்ல பாடங்களைக் கொண்டு துணிவதில்லை. நல்ல பாடம் இருவரிடத்தும் தனித்தனியே நிலைத்திருத்தல் கூடும். ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை இரண்டு ஏடுகளிற் காணப்படுமாயின், அவை ஒரு மூலத்தின் வழிவந்தன என்பது தேற்றம். மென்பொருளுக்கும் இம்முறை பொருந்தும். நிரலில் உள்ள குற்றத்தை இக்காலத்தார் 'வழு' என்றே வழங்குகின்றனர். இலக்கண நூலார் வழுவைக் களையப்படுவதாகக் கொண்டனர். மூலம் ஆராய்வோர்க்கோ அதுவே சிறந்த சான்றாகின்றது.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு 'சென்ட்மெயில்' என்னும் மென்பொருளாகும். கடிதத்தை ஒரு கணினியிலிருந்து பிறிதொன்றுக்குக் கொண்டு சேர்க்கும் தபாற்காரன் தொழிலைச் செய்வது இது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் எரிக் அல்மன் என்பவர் 1979 அளவில் 'டெலிவர்மெயில்' என ஒன்றை எழுதினார். அக்காலத்தில் வெவ்வேறு வலையமைப்புக்கள் வெவ்வேறு முகவரி முறைகளைக் கையாண்டன. அவற்றிடையே கடிதம் செல்ல வழிசெய்தலே அவர் நோக்கம். அதனை விரித்து எழுதியதே சென்ட்மெயில். 1983இல் பேர்க்கிலியின் யுனிக்ஸ் தொகுதியோடு அது வெளிப்பட்டது. பல்கலைக்கழகத்து நிரலாதலின் அதனை எடுத்தாள்வதற்குத் தடை சிறிதே. சண், டிஜிற்றல், ஹியூலெற்-பக்கார்ட், ஐ.பி.எம். ஆகிய பெருநிறுவனங்கள் தத்தம் கணினிகளோடு அதனைச் சேர்த்து விற்றன. ஒவ்வொரு நிறுவனமும் சில வரிகளைக் கூட்டிற்று, சிலவற்றைக் குறைத்தது. வாங்கியோர் அதனை அந்நிறுவனத்தின் பண்டமாகவே கருதினர். சுவீடன் நாட்டு லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் லெனார்ட் லொவ்ஸ்ற்றான்ட் என்பவர் 'ஐ.டி.ஏ.' எனும் திருத்தப்பதிப்பை ஆக்கினார். போல் விக்ஸி என்பவர் வேறொரு பதிப்பை ஆக்கி, ஆங்கில விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பை நினைவூட்டும் வகையில் அதற்குக் 'கிங் ஜேம்ஸ்' எனப் பெயரிட்டார். பாடபேதங்கள் மலிந்த நூலுக்கு அது பொருந்திய நகைச்சுவையே.

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி இரவு இவ்வுறவு வெளிப்பட்டது. ரொபேர்ட் மொரிஸ் என்னும் பட்டமேற்படிப்பு மாணவர் விடுத்த 'புழு' நிரல், இணையத்தோடு தொடர்புற்ற கணினிகளிற் பல்லாயிரத்தைச் செயலிழக்கச் செய்தது. அது நுழைந்த வாயில்களுள் ஒன்று சென்ட்மெயிலில் இருந்தது. நிரலைச் சோதிப்பதற்காக வைக்கப்பட்ட வழியொன்று அடைக்கப்படாது விடப்பட்டிருந்தது. அது திறந்திருக்கும்போது, பெறுநரின் முகவரி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கட்டளையை எழுதினால், மென்பொருள் அதனை முகவரியெனக் கொள்ளாது கட்டளையாகவே நிறைவேற்றும். டிஜிற்றல் நிறுவனத்து வாக்ஸ் கணினிகளும் சண் நிறுவனத்து கணினிகளும் ஒருங்கே வீழ்ந்தன. ஆக்கிய நிறுவனம் வேறு, வன்பொருள் வேறு, விலை வேறு. திறந்து கிடந்த கதவு மட்டும் ஒன்றே.

அல்மன் மீண்டும் அப்பணியை மேற்கொண்டு, பிரிந்து சென்ற பதிப்புக்களிற் கொள்ளத்தக்கன கொண்டு, 1993இல் எட்டாம் பதிப்பை வெளியிட்டார். 1998இல் தாமே ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்து, இலவசப் பதிப்போடு விலைப்பதிப்பையும் வழங்கினார். 2013இல் அந்நிறுவனம் 'புரூவ்பொயின்ற்' என்னும் நிறுவனத்தின் வசமாயிற்று. இதற்கிடையில் 2003ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பழைய கதை மீண்டும் நிகழ்ந்தது. முகவரியைப் பிரித்துப் படிக்கும் செயற்கூறு ஒன்றில் வழு உள்ளதெனக் கண்டறியப்பட்டது. ஐந்தாம் பதிப்பு வரிசையிலிருந்தே அது நிரலிற் குடியிருந்தது. எச்சரிக்கை வெளிவந்த அன்று, இலவசப் பதிப்பு, விலைப்பதிப்பு, சண், ஐ.பி.எம்., ஹியூலெற்-பக்கார்ட் விற்ற பதிப்புக்கள் யாவும் ஒருசேரத் திருத்தம் வேண்டி நின்றன. தனித்தனி உறையிட்டு விற்கப்பட்டவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே என்பதற்கு வேறு ஆவணம் வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஒரு வழக்கையுஞ் சுட்டுதல் தகும். பேர்க்கிலியின் யுனிக்ஸ் தொகுதி தன் நிரலைக் கவர்ந்ததென, ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தின் சார்பு நிறுவனம் 1992இல் வழக்குத் தொடுத்தது. பல்கலைக்கழகம் எதிர்வழக்குத் தொடுத்து, தன் நிரலை அந்நிறுவனம் எடுத்தாண்டும் உரிய முறையில் தன் பெயரைக் குறிப்பிடவில்லை எனக் குற்றஞ்சாட்டியது. 1994இல் இணக்கமேற்பட்டபோது, ஏறத்தாழ 18,000 கோப்புக்களில் நீக்கப்பட்டவை மூன்றே. வேறு எழுபது அளவிலான கோப்புக்களில் உரிமைக் குறிப்புக்கள் சேர்க்கப்பட்டன. களவு போயிற்று என முறையிட்டவர் வீட்டிலேயே பிறர் பொருளும் இருந்தது.

சென்ட்மெயிலில் உடல் ஒன்று, பெயர் பல. இதற்கு மறுதலையாகப் பெயர் ஒன்றாய் உடல் வேறான கதையும் உண்டு. இலினோய் பல்கலைக்கழகத்தில் 1988இல் ஸ்ரீவ் டோர்னர் என்பவர், கடிதத்தை எழுதுதற்கும் படித்தற்குமுரிய மென்பொருளொன்றை ஆக்கினார். தபாலகத்திற் குடிபுகுந்த பெண்ணொருத்தியின் கதையை எழுதிய யூடோரா வெல்ற்றி என்னும் அமெரிக்க எழுத்தாளரை நினைந்து அதற்கு 'யூடோரா' எனப் பெயரிட்டார். குவால்கொம் நிறுவனம் அதன் உரிமத்தைப் பெற்று, டோர்னரையும் பணிக்கமர்த்தி, அதனை உலகறிந்த விற்பனைப் பண்டமாக்கிற்று. 2006இல் அந்நிறுவனம் அதனைக் கைவிடத் துணிந்தது. பின்னர் 2010இல் 'யூடோரா' என்னும் பெயரோடு வெளிவந்தது, மொசில்லாவின் 'தண்டர்பேர்ட்' நிரலின்மேற் கட்டப்பட்ட வேறொன்று. பெயரை நம்பி வந்த பழைய பயனாளர் உள்ளே பழைய யூடோராவைக் காணாது மீண்டனர். பிறந்த யூடோராவின் மூலநிரலை 2018ஆம் ஆண்டு மே மாதத்திற் கணினி வரலாற்று அருங்காட்சியகம் யாவர்க்கும் வெளியிட்டது. இரண்டையும் ஒப்புநோக்க விரும்புவோர்க்கு இன்று தடையில்லை.

பெயர் மூலத்தைக் காட்டாது, நிரலின் உடலே காட்டும் என்பது இவற்றாற் பெறப்படும். இவ்வளவுகோலை மறுத்தோர் போற்றும் கதைக்கும் இட்டுப் பார்த்தல் நடுநிலையாகும். மின்னஞ்சலைக் கண்டவர் ரே ரொம்லின்சன் என்பது அக்கதை. மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரில், 'பீ.பீ.என்.' என வழங்கிய நிறுவனத்தில், 1971இல் ஒரு கணினியிலிருந்து வலையமைப்பு வழியாகப் பிறிதொன்றுக்குக் கடிதம் அனுப்பியவர் அவர். பயனாளர் பெயருக்கும் கணினியின் பெயருக்கும் இடையே 'அற்' எனும் வணிகக் குறியை வைத்தவரும் அவரே. ஆயின் அவர் வெறுநிலத்திற் கட்டினாரல்லர். ஒரே கணினியைப் பயன்படுத்துவோரிடையே கடிதம் செல்லுதற்கு, எம்.ஐ.ரி. நிறுவனத்தில் ரொம் வான் விளெக், நோவெல் மொரிஸ் ஆகியோர் 1965இலேயே நிரல் எழுதியிருந்தனர். (இந்த மொரிஸ் வேறு, புழுவை விடுத்த மொரிஸ் வேறு.) ரொம்லின்சன் செய்தது, 'சென்ட் மெசேஜ்' எனும் பொருளில் எழுத்துக் குறுக்கப்பட்ட பெயரையுடைய, ஒரு கணினிக்குட் கடிதம் இடும் நிரலோடு, கணினிகளிடையே கோப்பைக் கொண்டுசெல்லும் தம் சோதனை நிரலைப் பிணைத்தமையாகும். முதற் கடிதத்தில் எழுதியது யாதெனப் பிற்காலத்தில் வினவியோர்க்கு, அது மறந்துபோயிற்று, விசைப்பலகையின் மேல்வரிசை எழுத்துக்கள் போன்ற ஏதோவொன்று என்றே விடையிறுத்தார்.

அவர்க்குப் பின் வந்தவையும் அவ்வாறே ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தன. 1972இல் லாறி ரொபேர்ட்ஸ் கடிதங்களைப் பட்டியலிட்டுப் படிக்கும் 'ஆர்.டி.' நிரலை எழுதினார். பரி வெஸ்லர் அதனைப் புதுக்கி 'என்.ஆர்.டி.' ஆக்கினார், மார்ட்டி யோங்க் அதனை மீண்டும் எழுதி அனுப்பும் நிரலோடு இணைத்தார். அதிலிருந்து ஜோன் விற்றல் 1975இல் 'எம்.எஸ்.ஜி.' என்பதனைச் செய்து, வந்த கடிதத்துக்கு ஒரு கட்டளையால் மறுமொழி அனுப்பும் வசதியைச் சேர்த்தார். ஒருவர் எழுதியதை மற்றொருவர் கேட்டு வாங்கித் திருத்துதற்கு அங்கே விலையுமில்லை, வழக்குமில்லை. இவ்வனுபவம் திரண்டு 1977ஆம் ஆண்டு நவம்பரில் 'ஆர்.எவ்.சி. 733' எனும் விதிநூலாயிற்று. அனுப்புநர், பெறுநர், பிரதி பெறுவோர், மறைபிரதி பெறுவோர், பொருள், திகதி என இன்று கடிதத்தின் தலையிற் காணப்படும் வரிகள் யாவும் அதில் உள. 1982இல் வெளிவந்த 822ஆம் விதிநூல் அதன் வழிநூல். சென்ட்மெயில் போற்றியது அவ்வழியையே. ஆகவே ரொம்லின்சன் ஒருவரையே தந்தை என்பதும் சுருக்கிக் கூறியதாகவே முடியும். எனினும் அவருடைய குறி இன்றும் ஒவ்வொரு முகவரியிலும் உளது என்பது மறுக்கவொண்ணாச் சான்று.

இனி நியுவார்க் நிரலை நோக்குக. முற்கூறிய உறுப்புக்கள் யாவும் ஒருங்கமைந்த அலுவலகத் தொகுதியே மின்னஞ்சல், அதற்கு முற்பட்டவை வெறுஞ் செய்தி அனுப்பும் கருவிகள் என்பது அய்யாத்துரையின் வரைவிலக்கணம். தம் நிரலைப் பார்த்து வரைந்த இலக்கணத்திற்குத் தம் நிரலே முதல் இலக்கியமாக அமைதல் வியப்பன்று. இதற்கு ஆதரவாக ராண்ட் நிறுவனத்திற்காக டேவிட் குரொக்கர் 1977ஆம் ஆண்டு டிசம்பரில் எழுதிய அறிக்கையிலிருந்து ஒரு வாக்கியம் எடுத்துக் காட்டப்படுகின்றது. பல நிறுவனங்களுக்கிடையே இயங்கும் முழுமையான தபால் முறையைப் பின்பற்றிச் செய்ய இப்போது முயலவில்லை என்பது அதன் கருத்து. முன்பின் வாக்கியங்களோடு சேர்த்துப் படிப்போர்க்கு, அது தாம் அமைத்த ஒரு மென்பொருளின் எல்லையைக் குறித்துக் கூறியதேயன்றி அக்காலத்து முயற்சிகள் யாவற்றையும் குறித்ததன்று என்பது புலனாகும். அன்றியும் அவ்வாக்கியம் கூறுவது நிறுவனங்களுக்கு இடைப்பட்ட தபாலைப் பற்றி. நியுவார்க் நிரலோ ஒரே கல்லூரியின் அலுவலகங்களுக்கு உட்பட்டது. எடுத்துக்காட்டு, காட்டியவருக்கே எதிராய் நிற்கின்றது.

இவற்றினும் முதன்மையான வினா வழி பற்றியது. அப்போர்ட்ரான் நிரலின் வரிகள் சென்ட்மெயிலில் உளவா? யூடோராவில் உளவா? ஆர்.எவ்.சி. விதிநூல்கள் எதனிலேனும் அதன் சாயல் உண்டா? இல்லை. அதன் வழுக்கள் எவையாயினும், அவை வேறெந்த மென்பொருளையும் வந்தடையவில்லை. அது பிறரைப் பார்த்து எழுதப்பட்டதன்று. பிறரும் அதனைப் பார்த்து எழுதினாரல்லர். தனித்து முளைத்துத் தனித்தே நின்ற மரம் அது. தனித்து முளைத்தமையே அச்சிறுவரின் ஆற்றலுக்குச் சான்று. பிறர் தோட்டத்து மரங்களெல்லாம் அதன் விதையில் வந்தன எனும்போதுதான் ஆற்றலைப் புகழ வந்த உரை பொய்யுரையாகின்றது.

நீதிமன்றங்களும் இவ்வினாவுக்கு விடை கூறவில்லை. தம்மை இகழ்ந்து எழுதிய கோக்கர் நிறுவனத்தின்மேல் அவர் 2016இல் வழக்குத் தொடுத்தார். வேறொரு வழக்கால் நொடித்துப்போயிருந்த அந்நிறுவனம் 7,50,000 டொலர் கொடுத்து இணங்கியது. அப்பணம் உண்மைக்குக் கிடைத்த தீர்ப்பெனப் பலர் எழுதினர். தீர்ப்பு எதுவும் அங்கே வழங்கப்படவில்லை. 'ரெக்டேர்ட்' என்னும் வெளியீட்டின்மேல் 2017இல் தொடுத்த வழக்கை, மசாசூசெற்ஸ் மாவட்டத்துச் சமஷ்டி நீதிமன்றம் அவ்வாண்டு செப்ரெம்பரிற் தள்ளிவிட்டது. மின்னஞ்சல் என்பதன் பொருள் இன்னதென வரையறுப்பதைப் பொறுத்தே அக்கூற்று நிற்றலின், அதனை மெய்யென்றோ பொய்யென்றோ நிறுவுதற்கில்லை என்பது நீதிபதி காட்டிய காரணங்களுள் ஒன்று. பூசல் முழுவதும் ஒரு சொல்லின் பொருளைச் சுற்றியே நின்றது என்பதனை இக்கூற்று நன்கு உணர்த்தும்.

சிறு நினைவகமே கொண்ட கணினியில், எழுத்துத் தொடர்களைக் கையாளுதற்கு இசையாத போர்ட்ரான் மொழியில், கணினியையே முன் கண்டிராத அலுவலர் பயன்படுத்துமாறு ஒரு தபால் முறையைப் பாடசாலை மாணவர் எங்ஙனம் வகுத்தார் என்பது ஆராய்தற்குரிய நல்ல பொருள். பெயர்ப் பூசலின் இரைச்சலில் அதனைக் கேட்டறிய விழைந்தோர் மிகச் சிலர். அந்நிரல் பற்றிய ஆவணங்கள் அருங்காட்சியகத்தில் உள.